பரிதாபப்பட்டு மீன் வாங்காதீர்கள், புகார் எழுதுங்கள்

கேள்வி: திருச்சியில் வசிக்கிறேன். மகளுக்கு ஏழு வயது. அவள் பிறந்தநாளுக்கு ஃபைட்டர் மீன் வாங்கலாம் என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள ஒரு வண்ண மீன் கடைக்குப் போனோம். ஜூஸ் குடிக்கும் பிளாஸ்டிக் டம்ளர்களில் ஒவ்வொரு மீனாகப் போட்டு அலமாரியில் வரிசையாக வைத்திருந்தார்கள். பாதி மீன்கள் அசையவே இல்லை. ஒரு பெரிய தொட்டியில் செத்துப்போன கோல்டு ஃபிஷ்ஷை மற்ற மீன்கள் கொத்திக்கொண்டிருந்தன. ரோஸ், நீலம், பச்சை என்று இன்னொரு தொட்டியில் சின்ன மீன்கள். ‘எல்லாம் ஒரிஜினல் கலர்’ என்றார் கடைக்காரர். மீன்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்று கேட்டதற்கு, ‘மீனுக்கு என்னம்மா வலி தெரியும்?’ என்று சிரித்தார். மனசு கேட்காமல் இரண்டு ஃபைட்டரை வாங்கி வந்துவிட்டேன். ஒன்று மறுநாளே செத்துவிட்டது. யாரிடம் புகார் சொல்வது? ‘மீனுக்காகப் போலீஸுக்குப் போகப் போறியா?’ என்று என் கணவர் கிண்டல் செய்கிறார்.

- வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் கணவருக்குப் பதில்: தாராளமாகப் போகலாம். ஜல்லிக்கட்டு வழக்கு நடந்தபோது டீக்கடை வரை அடிபட்டதே, 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், அது காளைக்கும் நாய்க்கும் மட்டும் எழுதப்பட்டது இல்லை. மனிதரைத் தவிர்த்த எந்த உயிரும் ‘விலங்கு’தான் என்று அதன் இரண்டாவது பிரிவிலேயே சொல்லியிருக்கிறது. டம்ளரில் கிடக்கும் ஃபைட்டரும் அதில் அடக்கம்.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே கேட்ட கேள்விக்கும் விடை இருக்கிறது. 2003-இல் லின் ஸ்னெடன் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் பிரிட்டனில் ரெயின்போ டிரவுட் மீன்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நீலகிரி ஓடைகளில் வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவந்து விட்டார்களே, அந்த வகை மீன்தான். அதன் உதட்டில் தேனீ விஷத்தையோ அசிட்டிக் அமிலத்தையோ ஏற்றியபோது, மீன்கள் வெகுநேரம் இரையைத் தொடவில்லை. தரையில் கிடந்து பக்கவாட்டில் ஆடின. அமிலம் ஏற்றப்பட்ட மீன்கள் உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன. வெறும் உப்புநீர் ஏற்றிய மீன்கள் அப்படிச் செய்யவில்லை. மீன் கத்துவதில்லை, முகம் சுளிப்பதில்லை. அதனால் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இப்போது உங்களிடம் ஒரு கசப்பான விஷயம். பரிதாபப்பட்டு அந்த இரண்டு மீனை வாங்கினீர்களே, அதை இனி செய்யாதீர்கள். கடைக்காரர் கணக்கில் அது இரண்டு மீன் விற்ற கணக்கு. சாகப்போகிற மீனுக்கும் முழு விலை கிடைக்கிறது என்றால் தண்ணீர் மாற்ற ஆள் எதற்கு, ஃபில்டர் எதற்கு? காலியான டம்ளரில் அடுத்த லாட்டிலிருந்து இன்னொரு மீன் வந்துவிடும். மீன் நோய் பார்க்கும் தொழிலில் எனக்கு வரும் விசாரணைகளில் பெரும் பகுதி இந்த வகைதான். வாங்கியவர்களின் மனசு நல்ல மனசு, ஆனால் அந்தக் காசுதான் அந்தக் கடையை அப்படியே நடக்க வைக்கிறது.

சரி, புகார். அதற்கு முன்னால், நீங்கள் பார்த்ததில் எது குற்றம், எது வியாபாரத்தில் சகஜம் என்று பிரித்துக்கொள்வோம். இதைப் பிரிக்காமல் எழுதும் புகாரைக் கடைக்காரர் ஒரே வாக்கியத்தில் உடைத்துவிடுவார்.

ஃபைட்டரைத் தனித்தனியாக வைத்தது தவறில்லை. இரண்டு ஆண் மீன்களை ஒன்றாக விட்டால் வாலையும் துடுப்பையும் கிழித்துக்கொள்ளும். தாய்லாந்துப் பக்கம் வயல்களிலும் சதுப்புகளிலும் தேங்கிய தண்ணீரில் வாழும் இனம் அது. செவுள் போக, மேலே வந்து காற்றை நேராக இழுத்துச் சுவாசிக்கவும் அதன் தலைக்குள் ஓர் உறுப்பு உண்டு. அதனால் ஏர் மோட்டார் இல்லாத டம்ளரிலும் அதற்கு மூச்சு முட்டாது. ‘இதுக்கு டம்ளரே போதும்’ என்ற கதை கிளம்பியது இங்கேதான். ஆனால் மூச்சு விட முடிகிறது என்பதற்காக அந்தத் தண்ணீர் வாழத் தகுந்ததாகிவிடாது. மீன் வெளியேற்றும் அம்மோனியா டம்ளரை விட்டு எங்கே போகும்? பெரிய தொட்டியில் ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். டம்ளரில் அதற்கு வழியில்லை. போதாததற்கு, தண்ணீரின் காரத்தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு ஓர் எண் ஏறினால் அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். வெயிலில் தண்ணீர் சூடானால் இன்னும் கூடும். நம் ஊர் போர் தண்ணீரையும் சித்திரை வெயிலையும் நினைத்துப் பாருங்கள்.

எனவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, ‘ஏன் டம்ளரில் வைத்திருக்கிறீர்கள்’ என்பது அல்ல. ‘எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுகிறீர்கள், இந்த மீன் எத்தனை நாளாக இதில் இருக்கிறது’ என்பதுதான். பார்க்க வேண்டியது டம்ளரின் அடியை. தின்னாத தீவனம் வெள்ளைப் பூஞ்சை பூத்துக் கிடந்தால், அந்தத் தண்ணீர் நாள்கணக்கில் மாற்றப்படவில்லை. பிறகு மீனைப் பாருங்கள். துடுப்புகளை மடக்கி உடம்போடு ஒட்டி வைத்திருக்கிறதா, வால் ஓரம் வெளுத்து நைந்திருக்கிறதா, வயிறு உப்பிச் செதில்கள் பலாப்பழத் தோல் மாதிரி நிமிர்ந்து நிற்கின்றனவா என்று பாருங்கள். செதில் அப்படி நிமிர்ந்த மீன் பெரும்பாலும் பிழைக்காது. அதை விற்பனைக்கு வைத்திருப்பதே தவறு.

செத்த கோல்டு ஃபிஷ் விஷயத்திலும் நியாயமாக இருப்போம். வண்ண மீன் கடையில் மீன் சாகாத நாள் குறைவு. சென்னை கொளத்தூரிலிருந்தோ வேறு பண்ணையிலிருந்தோ ஆக்சிஜன் அடைத்த கவரில் இரவெல்லாம் பயணம் செய்து வந்த லாட்டில், அடுத்த சில நாட்களுக்குச் சாவு இருக்கவே செய்யும். நல்ல கடையில் காலையில் கடை திறந்ததும் முதல் வேலை, வலையோடு ஒரு சுற்று வந்து செத்ததை எடுப்பதுதான். காலை பத்து மணிக்கு ஒரு செத்த மீனைப் பார்த்தால் அது தகவல் மட்டுமே. சாயங்காலம் ஐந்து மணிக்கு, கண் வெளுத்து, உடம்பு ஊறி, பாதி தின்னப்பட்ட மீன் கிடந்தால், அன்று முழுக்க அந்தத் தொட்டியை யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்று அர்த்தம். நீங்கள் எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று கடிதத்தில் இல்லை. புகாரில் அது அவசியம் இருக்க வேண்டும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. சில கடைகளில் ஒரு தொட்டித் தண்ணீர் மட்டும் நீலமாக இருக்கும். பார்த்ததும் ஏதோ ரசாயனம் என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் அது மெத்திலீன் ப்ளூ. புது லாட்டையோ நோய்ப்பட்ட மீனையோ ஒதுக்கி வைத்து மருந்து போட்டிருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம். அந்தக் கடைமேல் எனக்கு மரியாதை கூடும். அந்தத் தொட்டி மீனை ‘இது விற்பனைக்கு இல்லை’ என்று சொன்னால் இன்னும் கூடும்.

அந்த ரோஸ், நீல, பச்சை மீன்கள் விடோ டெட்ராவாக இருக்கலாம். அதன் உண்மையான நிறம் வெள்ளியும் கறுப்பும். சாயத்தில் முக்கியோ ஊசியால் ஏற்றியோ கலர் பண்ணுகிறார்கள். சில மாதங்களில் வெளுத்துவிடும். நம் நாட்டு ஆறு குளங்களிலேயே இருக்கும் கண்ணாடி மீனுக்கும் இதே கதி உண்டு. உடம்பு ஊடுருவித் தெரிவதால் உள்ளே சாயம் ஏற்றினால் பளிச்சென்று தெரியுமாம். இதில் ஒரு சிக்கல் என்னவென்றால், சாயம் ஏற்றியவர் உங்கள் ஊர்க் கடைக்காரராக இருக்க வாய்ப்பு குறைவு. அவருக்கு அது வரும்போதே கலராகத்தான் வருகிறது. ‘ஒரிஜினல் கலர்’ என்று சொல்லி விற்றதற்கு அவர் பொறுப்பு. சாயம் ஏற்றிய கொடுமைக்கு அவரை முதல் ஆளாகச் சேர்த்தால் புகார் வலுவிழக்கும்.

சட்டத்துக்கு வருவோம். மேலே சொன்ன 1960 சட்டத்தின் 11(1) பிரிவில் ஆங்கில எழுத்து வரிசையில் உட்பிரிவுகள் இருக்கும். உங்களுக்குப் பயன்படுபவை மூன்று. அசைந்து திரிய நியாயமான இடம் இல்லாத கூண்டிலோ வேறு கலத்திலோ அடைத்து வைப்பது ‘இ’. உரிமையாளராக இருந்துகொண்டு போதுமான உணவும் நீரும் இருப்பிடமும் தராமல் விடுவது ‘ஹெச்’. பட்டினி, நெரிசல், மோசமான நடத்துமுறை ஆகியவற்றால் வலியில் இருக்கும் விலங்கை விற்பனைக்கு வைப்பது ‘கே’. இந்தக் ‘கே’தான் மீன் கடைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும் உட்பிரிவு. ‘நான் ஒன்றும் செய்யவில்லையே’ என்ற வாதமும் எடுபடாது. உரிமையாளர் எடுக்க வேண்டிய நியாயமான அக்கறையை எடுக்கவில்லை என்றால் அவரே குற்றம் செய்ததாகக் கருதப்படுவார் என்று அதே பிரிவு சொல்கிறது.

தண்டனையைக் கேட்டால் சிரிப்பீர்கள். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பல பத்தாண்டுகளுக்கு முன்னால் போட்ட தொகை. ஒரு ஃபைட்டர் மீன் விலைகூட இல்லை. அப்படியானால் எதற்குப் புகார் என்கிறீர்களா? அபராதத்துக்காக இல்லை. அரசு கால்நடை மருத்துவர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு கடைக்குள் வந்து தொட்டி தொட்டியாக எட்டிப் பார்த்தால் போதும், மறுநாள் அந்த டம்ளர்கள் அலமாரியில் இருக்காது. சிறு கடைக்காரருக்கு அந்த 50 ரூபாயைவிட இதுதான் பயம்.

மீன் கடைகளுக்கென்றே தனி விதிகள் வந்த கதையும் உண்டு. 2017 மே மாதம் மாட்டுச் சந்தை விதிகள் வந்து நாடே அமளிப்பட்டதே, அதோடு கூடவே மீன் தொட்டிக் கடை விதிகளும் வந்தன. பதிவு கட்டாயம், கண்ணாடி பவுலில் மீன் வைக்கக் கூடாது என்றெல்லாம் இருந்தது. கொளத்தூர் வியாபாரிகள் உட்பட எல்லாரும் எதிர்த்தார்கள். பின்னர் மத்திய அரசே அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எதிர்த்ததில் நியாயமும் இருந்தது, ஏனென்றால் சில நிபந்தனைகளைக் குடிசைத் தொழிலாகச் செய்பவர்களால் நிறைவேற்றவே முடியாது. ஆனால் பவுல் தடையையும் சேர்த்துத் தூக்கி எறிந்தது எனக்கு இன்றும் வருத்தம். 2018-இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகள் அமலில் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் நாய், பூனை, முயல், பறவை என்று பெயர் சொல்லியிருக்கிறார்கள், மீனைப் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. ஆனால் நீங்கள் பார்த்த கடையில் லவ் பேர்ட்ஸோ முயலோ இருந்ததா என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். இருந்தால் அந்தக் கடை தமிழ்நாடு விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாவிட்டால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

முதல் படி, அந்தக் கடைக்கே இன்னொரு முறை போவது. சண்டைக்கு இல்லை. ‘அண்ணே, போன வாரம் வாங்கின ஃபைட்டர் மறுநாளே போயிடுச்சு. அந்த டம்ளர் எல்லாம் அடியில பூஞ்சை பிடிச்சிருக்கே, தண்ணி எப்ப மாத்துனீங்க?’ என்று கூட்டம் இல்லாத நேரத்தில் கேளுங்கள். பலருக்கு உண்மையிலேயே தெரியாது. மொபைல் கடையோ ஃபேன்சி ஸ்டோரோ வைத்திருந்தவர் இதில் லாபம் இருக்கிறது என்று இறங்கியிருப்பார். சொன்னால் கேட்கிறவரும் உண்டு. கேட்காதவராக இருந்தாலும் போனது வீணில்லை, நிலைமை மாறவில்லை என்பதை இரண்டாவது தேதியோடு எழுத முடியும். வாடிக்கையாளர் நிற்கும் இடத்திலிருந்து போட்டோ எடுங்கள். உள் அறைக்குள் நுழைய வேண்டாம், டம்ளரைத் தொட வேண்டாம். கடைப் பெயர்ப் பலகை ஒரு படத்தில் வரட்டும். வாங்கிய பில் இருந்தால் பத்திரம்.

அப்புறம் எழுத்துப் புகார். நாளைக் கடத்தாதீர்கள். இந்தச் சட்டத்தின்படி, குற்றம் நடந்து மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். மனுவை மாவட்ட ஆட்சியருக்கு எழுதுங்கள். மாவட்டத்துப் பிராணிகள் வதை தடுப்புச் சங்கம் அவர் தலைமையில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் நேரில் கொடுத்து ரசீது வாங்கிவிட்டால் மனு காணாமல் போகாது. நகல் ஒன்று கால்நடை பராமரிப்புத் துறை மண்டல இணை இயக்குநருக்கு, இன்னொன்று விலங்குகள் நல வாரியத்துக்கு. நம் கால்நடை மருத்துவர்கள் மாட்டையும் ஆட்டையும் பார்த்துப் பழகியவர்கள், மீன் தொட்டி பலருக்குப் புதிது. அதனால் மீன்வளத் துறை அலுவலர் ஒருவரையும் கூட்டாய்வுக்கு அழைத்துச் செல்லும்படி மனுவிலேயே கேளுங்கள். இந்த ஒரு வரி பெரிய வித்தியாசம் செய்யும்.

மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இப்படி இருந்தால் போதும்: ‘இன்ன தேதி மாலை இத்தனை மணிக்கு, இன்ன தெருவில் உள்ள இன்ன கடையில், சுமார் இத்தனை ஃபைட்டர் மீன்கள் ஏறத்தாழ 200 மில்லி கொள்ளும் டம்ளர்களில் விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்தன. அடியில் பூஞ்சை பிடித்த தீவனம் இருந்தது. பாதி மீன்கள் அசைவின்றிக் கிடந்தன. கோல்டு ஃபிஷ் தொட்டியில் அழுகத் தொடங்கிய மீன் அகற்றப்படவில்லை. இன்ன தேதியில் உரிமையாளரிடம் தெரிவித்தேன். இன்ன தேதியில் மீண்டும் பார்த்தபோதும் அதே நிலை. படங்கள் இணைப்பு. இது மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960, பிரிவு 11(1) ‘இ’, ‘ஹெச்’, ‘கே’ உட்பிரிவுகளின்கீழ் வருகிறது. கால்நடை மருத்துவர், மீன்வளத் துறை அலுவலர் ஆகியோரைக் கொண்டு ஆய்வு செய்து நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்.’ மகள் அழுதது, கடைக்காரர் சிரித்தது எல்லாம் மனுவில் வேண்டாம். அலுவலர் கையில் எடுத்துக்கொண்டு போய்ச் சரிபார்க்கக்கூடியது மட்டும் இருக்கட்டும்.

காவல் நிலையமா? போகலாம், ஆனால் இந்த மூன்று உட்பிரிவுகளும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் போலீஸ் நேரடியாக விசாரிக்கவோ கைது செய்யவோ முடியாத வகை. எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்று கோபப்பட வேண்டாம். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். ஆட்சியர் மனுவோடு அதை இணைத்தால் மதிப்பு கூடும். பதிலே வரவில்லை என்றால் 1100 என்ற முதல்வரின் முகவரி எண்ணில் பதியலாம். அதற்கும் அசையவில்லை என்றால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி ‘என் மனுமீது எடுத்த நடவடிக்கை என்ன, ஆய்வு அறிக்கை நகல் தருக’ என்று ஒரு விண்ணப்பம். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். தூங்கும் கோப்பை எழுப்ப எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை.

சாயம் ஏற்றிய மீனை ஒரிஜினல் கலர் என்று விற்றது, நோய்ப்பட்ட மீனைத் தந்தது இரண்டும் நுகர்வோர் விவகாரம். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதையும் வதைப் புகாரையும் ஒரே மனுவில் கலக்க வேண்டாம். ‘காசு திரும்பக் கிடைக்காத கோபத்தில் எழுதியிருக்கிறார்’ என்று சொல்ல இடம் கொடுத்துவிடுவீர்கள். கடையில் கடல்குதிரை, உயிருள்ள பவளம், நட்சத்திர ஆமை, பச்சைக்கிளி இவற்றில் எதையாவது பார்த்தால் மட்டும் நேராக வனத்துறைக்குச் சொல்லுங்கள். அது 1972-ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டத்தில் வரும், தண்டனையும் விளையாட்டில்லை.

கூகுள் ரிவியூ எழுதலாமா என்றும் உங்களுக்குத் தோன்றியிருக்கும். எழுதலாம். கண்ணால் பார்த்ததைத் தேதியோடு எழுதுங்கள். ‘கொலைகாரன்’, ‘ஃபிராடு’ போன்ற சொற்களைப் போட்டு அவதூறு வழக்குக்கு நீங்களே வழி பண்ணிக்கொடுக்காதீர்கள்.

கடைசியாக, பிழைத்திருக்கும் அந்த இன்னொரு ஃபைட்டர். பத்துப் பதினைந்து லிட்டர் கொள்ளும் தொட்டிக்கு அதை மாற்றுங்கள். துள்ளும், எனவே மூடி வேண்டும். மெதுவாக ஓடும் ஸ்பான்ஜ் ஃபில்டர் ஒன்று போதும். கார்ப்பரேஷன் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் சொட்டு விட்டுத்தான் ஊற்ற வேண்டும். வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள், மொத்தமாகக் கொட்டிக் கழுவாதீர்கள். தீவனம் ஒன்றிரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டுமே. மருந்துக் கடையில் டெட்ராசைக்கிளின் மாத்திரை வாங்கிப் பொடித்துப் போடும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வளர்க்க முடியாத நிலை வந்தாலும் காவிரியிலோ உய்யக்கொண்டான் வாய்க்காலிலோ கொண்டுபோய் விட்டுவிட வேண்டாம். தொட்டி சுத்தம் செய்யும் என்று வாங்கிய சக்கர் மீனை அப்படி விட்டுவிட்டுத்தான் இன்று நம் ஏரி குளங்களில் வலையைக் கிழிக்கும் அளவுக்கு அது பெருகிக் கிடக்கிறது. தெரிந்தவர் யாராவது தொட்டி வைத்திருந்தால் அவரிடம் கொடுங்கள், வேறு ஆண் ஃபைட்டர் இல்லாத தொட்டிதானா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.